சபாஷ் சொல்லும் பெட்டி

கொறுக்கைக் குளத்தை ஒட்டிய காட்டில் ஒரு கிழச் சிறுத்தை இருந்தது. முள்ளம்பன்றியோடு சண்டை போட்டதில் அதன் முன்காலில் முள் ஏறிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வோர் அடி வைக்கும்போதும் வலி தாங்காமல் "உர்ர்ர்!" என்று உறுமும். அந்தச் சத்தம் கேட்டதுமே மானும் முயலும் ஓடி மறைந்துவிடும். வேட்டைக்கு வருகிறேன் என்று தானே தண்டோரா போட்டுக்கொண்டு போனால் எந்த மான் நின்றுகொண்டிருக்கும்?

சிறுத்தை பட்டினி கிடந்தது. அது மிச்சம் வைப்பதைத் தின்று பிழைத்த நரியும் பட்டினி கிடந்தது.

ஒருநாள் காலை, காட்டுக்கு மேலே போகும் மலைச்சாலை வளைவில் ஒரு வேன் திரும்பியது. பின்கதவு திறந்துகொண்டு சில பெட்டிகள் பள்ளத்தில் உருண்டன. நரி ஓடிப்போய் மோந்து பார்த்தது. தின்ன ஒன்றுமில்லை. எல்லாம் குழந்தைகளுக்கான பேட்டரி பொம்மைகள். எரிச்சலில் ஒரு பெட்டியைக் காலால் தட்டியது.

"உர்ர்ர்!" என்றது பெட்டி.

நரி பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், பெட்டியில் விளக்கு எரிந்தது. ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது. "இது சிறுத்தை! சரியான விடை! சபாஷ்!" அப்புறம் கைதட்டல். அப்புறம் ஒரு துண்டுப் பாட்டு.

நரி மறுபடியும் தட்டியது. மறுபடியும் உறுமல், மறுபடியும் சபாஷ். பத்தாவது தடவை தட்டியபோது அதற்குப் பயமே வரவில்லை. பயம் வரவில்லை என்பதைக் கவனித்ததும் நரியின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பெட்டியைக் கவ்விக்கொண்டு சிறுத்தையிடம் ஓடியது.

"அண்ணே! இனிமே நீங்க ஒளிஞ்சு போக வேண்டாம். உறுமிக்கிட்டே நடந்து போங்க. ஒரு குட்டியும் ஓடாது!"

"பசியில உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றது சிறுத்தை.

"பதினஞ்சு நாள் பொறுங்கண்ணே. அதுவரைக்கும் தவளை கிவளை பிடிச்சுச் சமாளிங்க. அப்புறம் பாருங்க!"

அதே காட்டில் தாழை என்றொரு புள்ளிமான் இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. பெயர் குன்றி. போன வருஷம் பிறந்த குட்டியைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. இதையாவது காப்பாற்றி ஆளாக்கிவிட வேண்டும் என்பதைத் தவிரத் தாழைக்கு வேறு நினைப்பே கிடையாது.

தினமும் சாயங்காலம் குன்றியைப் புதர் ஓரமாகக் கூட்டிப் போய்ப் பாடம் நடத்தும். முன்காலால் தரையை 'டொப்' என்று உதைக்கும். வாலைத் தூக்கி 'கீய்ங்!' என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் எதையும் கேட்கக் கூடாது, அம்மாவிடம் ஓடி வந்துவிட வேண்டும். பாடம் அவ்வளவுதான். ஆனால் குன்றிக்கு அது பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் நடுங்கும். பால் குடிக்காது. தூக்கத்தில் காலை உதறும். பெற்ற மனம் எவ்வளவுதான் தாங்கும்?

அப்போதுதான் ஆலமரத்தடியில் நரி பொம்மைக் கடை போட்டிருக்கிறது என்ற சேதி வந்தது. தாழை போனது. ஒரு மான் நரியின் கடைக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். குழந்தைக்கு நல்லது என்று சொன்னால் நாம் மட்டும் போகாத கடை உண்டா?

"வாங்கக்கா, வாங்க! குட்டிக்குத்தானே?" என்று நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

முதலில் ஒரு பாய் கண்ணில் பட்டது. கட்டம் கட்டமாக இருந்தது. மிதித்த கட்டத்தில் விளக்கு எரிந்தது.

"இது என்ன கத்துக்குடுக்கும்?" என்று கேட்டது தாழை.

"இது தானா ஒண்ணும் பேசாதுக்கா. நீங்க ஒரு கட்டத்தை மிதிக்கணும், குட்டி அதே கட்டத்தைப் பதிலுக்கு மிதிக்கணும். நீங்களும் கூடவே நின்னுக்கிட்டிருக்கணும். யாருக்கு நேரமிருக்கு? அதை விடுங்க. இதைப் பாருங்க! காட்டு மிருகம் இருபது! படம், பேரு, குரல் எல்லாம் இதுலயே இருக்கு!"

நரி மயில் படத்தைத் தட்டியது. மயில் அகவியது. சிறுத்தை படத்தைத் தட்டியது. "உர்ர்ர்!" தாழையின் கால்கள் தாமாகவே ஓடப் பார்த்தன.

"சபாஷ்!" என்று பெட்டி கைதட்டியது. "அடுத்த கேள்வி! யானை எங்கே? தொடு!"

"பார்த்தீங்களா? பயமில்லாம படிக்கலாம்! சிறுத்தையையே விளையாட்டாக் கத்துக்கும். அறிவு வளரும்னு அட்டையிலயே போட்டிருக்கு!"

மரத்தின் மேலிருந்த மந்தி எட்டிப் பார்த்தது. காட்டில் சிறுத்தையை முதலில் காண்பது மந்திதான். உயரத்தில் உட்கார்ந்து கிளையை உலுக்கி, இருமுவதுபோல் குரல் கொடுக்கும். கீழே மான்கள் ஓடும்.

"தாழை, முதல்ல நாலு நாள் நீயே வச்சு விளையாடிப் பாரு. அப்புறம் குட்டிக்குக் குடு" என்றது மந்தி.

"எனக்கு எங்கடி நேரம்? மத்த குட்டிங்க எல்லாம் படிச்சு முன்னால போயிடும்" என்றது தாழை. பிறகு நரியிடம் கேட்டது, "விலை என்னப்பா?"

"உங்ககிட்ட விலை வாங்குவேனா? குட்டி எங்க விளையாடும்னு மட்டும் சொல்லுங்கக்கா. பேட்டரி தீர்ந்தா நானே வந்து மாத்திக் குடுக்கிறேன்."

"நாணல் மேட்டுக்குப் பின்னால, நாவல் மரத்தடியில."

அந்த இடத்தைத் தாழை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தன் கூட்டத்து மான்களிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் நாள் பெட்டி உறுமியபோது குன்றி அலறிக்கொண்டு அம்மாவின் வயிற்றுக்கடியில் புகுந்தது. பெட்டி சபாஷ் என்றது. இரண்டாம் நாள் காதை மட்டும் சிலிர்த்தது. நாலாம் நாள் தானே மூக்கால் தட்டி, உறுமலைக் கேட்டு, கைதட்டலுக்குத் துள்ளியது. வாரம் முடிவதற்குள் இருபது மிருகங்களின் பெயரும் அதற்கு மனப்பாடம்.

"சிறுத்தைன்னா சிரிக்குது என் குட்டி!" என்று தாழை குளக்கரை முழுக்கச் சொல்லிப் பூரித்தது.

சாயங்காலப் பாடம் நின்றுபோனது. நன்றாகப் படிக்கிற குழந்தையை எதற்காக நடுங்க வைக்க வேண்டும்? தாழைக்கும் இப்போது நிம்மதியாக மேய நேரம் கிடைத்தது.

பாவம், மந்திதான் தவித்தது. பெட்டி உறுமும்போதெல்லாம் கிளையை உலுக்கிக் குரல் கொடுத்தது. மான்கள் ஓடும். பின்னாலேயே சபாஷ் கேட்கும். மான்கள் திரும்பி வந்து மந்தியைப் பார்த்துச் சிரிக்கும். எத்தனை தடவை அவமானப்படுவது? மந்தியும் விட்டுவிட்டது. பன்னிரண்டாம் நாளுக்குள், அந்தக் காட்டில் உறுமல் கேட்டால் தலை தூக்கிப் பார்க்க ஒருவருமில்லை.

பதினைந்தாம் நாள் பிற்பகலில் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. பத்தடி தள்ளி நிற்கும் மரம்கூட மங்கலாகத் தெரிந்தது. தாழை குளக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது.

"உர்ர்ர்!"

நாவல் மரத்துப் பக்கம்தான். மந்தி காதைப் பொத்திக்கொண்டது. "அந்தப் பெட்டி ஓயவே ஓயாதா?" என்று சலித்துக்கொண்டது. தாழை இன்னொரு வாய் புல்லைக் கடித்தது. மென்றுகொண்டே, பழக்கத்தில், அடுத்து வரவேண்டிய சத்தத்துக்காகக் காத்திருந்தது.

சபாஷ் வரவில்லை.

தாழையின் வாய் நின்றது.

"உர்ர்ர்!" மறுபடியும். கைதட்டல் இல்லை. பாட்டு இல்லை. பனிக்குள் ஒரு சருகு நொறுங்கியது. பெட்டிக்குக் கால் கிடையாதே!

தாழை ஓடியது. நாணல் முகத்தைக் கிழித்தது. அதற்குத் தெரியவில்லை. போன வருஷக் குட்டியின் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாவல் மரத்தடியில் குன்றி நின்றிருந்தது. பக்கத்தில் பெட்டி விளக்கு அணைந்து கிடந்தது. மதியமே பேட்டரி தீர்ந்துவிட்டது. நரி மாமா வந்து மாற்றித் தருவார் என்று குட்டி காத்திருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த உறுமல். அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எதிரே எட்டடி தூரத்தில் கிழச் சிறுத்தை. வாயோரம் எச்சில் ஒழுகியது.

"சிறுத்தை!" என்று குன்றி உரக்கச் சொன்னது. சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

சிறுத்தை ஓர் அடி வைத்தது. "உர்ர்ர்!"

"சிறுத்தை! சரியாத்தானே சொன்னேன்? ஏன் கை தட்டல?" குன்றி அதைப் பார்த்து ஓர் அடி முன்னால் வைத்தது.

தாழை தரையை உதைத்தது. 'டொப்! டொப்!' வாலைத் தூக்கி 'கீய்ங்!' என்று கத்தியது. அதன் உயிரெல்லாம் அந்தக் கத்தலில் இருந்தது.

குன்றியின் காது லேசாக அசைந்தது. தலை திரும்பவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டியில் அந்தச் சத்தம் இல்லை.

"குன்றி! ஓடி வாடி!"

"இரும்மா! இன்னும் சபாஷ் வரல!"

சிறுத்தை இடுப்பைத் தாழ்த்திப் பதுங்கியது. ஒரே ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான். அதற்கு நல்ல கால் மூன்று போதும். என் குரல் என் குழந்தைக்கு எட்டவில்லையே! எந்தக் குரல்தான் எட்டும்?

எட்டும் குரல் எது என்று தாழைக்குத் தெரிந்தது. நடுங்கும் உதடுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தேனாகக் குழைந்து, அந்தப் பாழாய்ப்போன பெட்டியைப் போலவே தாழை சொன்னது:

"சரியான விடை! சபாஷ்!"

குன்றியின் தலை சட்டென்று திரும்பியது.

"அடுத்த கேள்வி! அம்மா மான் எங்கே? தொடு!"

குன்றி துள்ளியது. அதே நொடியில் சிறுத்தையும் பாய்ந்தது. ஒரு நகம் குட்டியின் பின்தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வலியைக் குன்றி அறிந்ததில்லை. அலறிக்கொண்டே வந்து அம்மாவை முட்டியது. இரண்டும் பனிக்குள் பறந்தன. நொண்டிக் காலோடு சிறுத்தையால் துரத்த முடியவில்லை.

புதருக்குப் பின்னால் எச்சில் ஊற உட்கார்ந்திருந்த நரி, மெதுவாக வெளியே வந்தது. பனியில் யாரும் கண்ணில் படவில்லை. 'சரி, சிறுத்தை மானைத் துரத்திக்கொண்டு போயிருக்கும். பெட்டியை எடுத்துப் போய்ப் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுப்போம்' என்று குனிந்தது.

"உர்ர்ர்!"

"சும்மா கிட!" என்று நரி பெட்டியைத் தட்டியது.

"உர்ர்ர்!"

"ஏய், அதான் சும்மா கிடன்னேனே!" என்றது நரி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியில் விளக்கு எரியவில்லை என்பதைக் கவனித்தபோது, கழுத்தின் மேல் சூடான மூச்சு பட்டது. அன்றைக்குச் சிறுத்தை பட்டினி கிடக்கவில்லை.

குளத்தின் மறுகரையில் தாழை குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"நான் சரியாத்தானே சொன்னேன், அம்மா?" என்று விம்மியது குன்றி.

"சரியாத்தான் சொன்னே, கண்ணு."

"அப்ப ஏன் அது என்னைக் கடிக்க வந்துச்சு?"

தாழை மறுபடியும் காயத்தை நக்கியது. குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அம்மாவின் குரலுக்கு வரவில்லை, பெட்டியின் குரலுக்குத்தான் வந்தது. அதை நினைத்துத்தான் அது அழுதது.

மறுநாள் தாழை மந்தியின் உதவியோடு, ஆலமரத்தடியில் கிடந்த அந்தப் பாயை இழுத்து வந்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒரு நாள் முழுக்கத் தானே மிதித்து விளையாடிப் பார்த்தது. அடுத்த நாள்தான் குட்டியைக் கூப்பிட்டது. அம்மா 'டொப்' என்று மிதித்தால் ஒரு கட்டம் எரியும். குன்றி பதிலுக்கு 'டொப்' என்று மிதிக்கும். சில நாளில் பாயின் பேட்டரியும் தீர்ந்தது. இரண்டும் விளக்கு இல்லாத வெறும் மண்ணிலேயே மிதித்து விளையாடின. குன்றிக்கு வித்தியாசமே தெரியவில்லை. சாயங்காலப் பாடமும் திரும்பி வந்தது. குட்டி இப்போதும் நடுங்கியது. தாழை அதன் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டது.

ஒருநாள் புல் மேயும்போது மூங்கில் புதருக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. "உர்ர்ர்..."

தாழை தலை தூக்குவதற்குள், மந்தி கிளையை உலுக்குவதற்குள், 'டொப்!' என்று ஒரு சின்னக் குளம்பு தரையை உதைத்தது. சின்ன வால் தூக்கி நின்றது.

"கீய்ங்!" என்று கத்தியது குன்றி. அந்தக் குரல் கேட்டுக் கூட்டமே ஓடியது.

குழந்தைக்குப் பொம்மை தேர்ந்தெடுக்கும்போது, அது என்ன சொல்லிக்கொடுக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டால் போதாது, குழந்தையை எதற்குப் பழக்கிவிடும் என்று நாமே முதலில் உட்கார்ந்து விளையாடிப் பார்க்க வேண்டும்.