வெற்றிலைச் சுருளும் கடைசி வாசலும்

முன்னொரு காலத்தில் சுரைக்கொடி நாட்டைப் பூவேந்திரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். விருந்து என்றால் சிம்மாசனத்தையே மறந்துவிடுவார். அந்த நாட்டில் அழைப்பு என்பது ஒரு வெற்றிலைச் சுருள். கொண்டுவருபவன் முதல் இடத்தை மட்டும் சொல்வான். அங்கே நிற்பவன் அடுத்த இடத்தைச் சொல்வான். கடைசியில் யார் வாசல் என்பது போனால்தான் தெரியும்.

ஒருநாள் "குளக்கரைக்கு வருக" என்று சுருள் வந்தது. அமைச்சர் குயிலாண்டார் முதலில் ஒரு காவலனை அனுப்பிப் பார்த்தார். அவன் கோயில் பொங்கலோடு திரும்பினான். அதை நம்பி மன்னர் பல்லக்கில் போனார். குளக்கரை, மண்டபம், முட்டுச்சந்து என்று சுற்றி, தைலக்காரன் முத்தாண்டியிடம் மாட்டிக்கொண்டார். முடி வளர்க்கும் தைலமாம்! இருந்த முடியும் கொட்டிப்போனது.

"காவலனுக்குப் பொங்கல், எனக்கு மொட்டையா?" என்று குதித்தார் மன்னர்.

அமைச்சர் பதவிக்கு ஆலாய்ப் பறந்த வேட்டைநாதர், "இனி எந்தச் சுருளும் உள்ளே வரக்கூடாது மன்னா!" என்றார். அப்படியே செய்தார்கள். மாமியார் அனுப்பிய சுருளும் குப்பைக்குப் போனது. மகாராணி மன்னரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

"அமைச்சரே! நல்ல சுருள் வரவேண்டும், கள்ளச் சுருள் வரக்கூடாது. முடியாவிட்டால் உம் பதவி வேட்டைநாதருக்கு!" என்றார் மன்னர்.

குயிலாண்டார் அசரவில்லை. "மன்னா, ஆளைப் பார்த்து வழியை மாற்றுகிறார்கள். காவலன் போனால் கோயில், நீங்கள் போனால் தைலம். வாசலில் இப்போதும் ஒரு குளக்கரைச் சுருள் காத்திருக்கிறது. உங்கள் பல்லக்கே திரை போட்டுப் போகட்டும். உள்ளே மட்டும் வேறொருவர்."

"யார்?"

"உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் வேட்டைநாதர்தான்!"

"எனக்குப் பல்லக்கு ஏறினால் தலைசுற்றும் மன்னா..."

"ஏறும் ஐயா!" என்று அதட்டினார் மன்னர்.

பல்லக்கு கிளம்பியது. தூக்கியவர்களில் முண்டாசு கட்டிய ஒருவன் மட்டும் மூச்சிரைக்க, சிரிப்பை அடக்க முடியாமல் வந்தான். குளக்கரை, மண்டபம், முட்டுச்சந்து. திரைக்குள் ஒரு குடம் தைலத்தைக் கவிழ்த்தான் முத்தாண்டி.

"அடேய் மச்சான், நான்தான்டா!"

"ஐயோ அத்தான்! பல்லக்கு வந்ததும் யோசிக்காம ஊத்து, அமைச்சர் பதவி நமக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

முண்டாசுக்காரன் முண்டாசை அவிழ்த்தான். பளபளவென்று ஒரு மொட்டை. மன்னரேதான்!

முத்தாண்டி நாட்டைவிட்டே ஓடினான். குயிலாண்டாரை மன்னர் கட்டிக்கொண்டு, தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். அன்றுமுதல் எந்தச் சுருள் வந்தாலும் ராஜ பல்லக்கு கடைசி வாசல்வரை போய்த் திரும்பிய பிறகே மன்னர் கிளம்புவார். உள்ளே உட்காரும் நிரந்தர வேலை வேட்டைநாதருக்கு.

"கடைசி வாசலில் மாமியார் நின்றால், சுருளைத் திருப்பி அனுப்ப வழியுண்டா அமைச்சரே?" என்று மன்னர் மெதுவாகக் கேட்டார்.

குயிலாண்டார் அருகில் நின்ற மகாராணியைப் பார்த்தார். "பல்லக்கு தயார் மன்னா!"