அண்ணனையும் அழைத்த விருந்து

ஏண்டா தங்கம், வீட்டுக்கு வந்த விருந்தாளிய ஈட்டியத் தூக்கிக்கிட்டு வந்து 'வாங்க'ன்னு கூப்பிடுறவங்களக் கேள்விப்பட்டிருக்கியா? இல்லையா? அப்போ ம் கொட்டிக்கிட்டே கேளு.

ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தம்பி. பென்னாகரம் பக்கம். அண்ணன் மாதையன், தம்பி வேடியப்பன். ரெண்டு பேரும் வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேர்ந்து, கடல் தாண்டி இத்தாலிக்குப் போய், சண்டைக்கு நடுவுல பாலம் கட்டுனாங்க. அப்போ ஒருநாள் ஆத்துல வெள்ளம் ஹோ...ன்னு வந்து அண்ணனை இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. உடம்பு கெடைக்கலை. காரியம் பண்ணலை, தீட்டும் கழியலை. தம்பிக்கு அழுகையே வரலை. யாரையும் தொடாம, தனியா உக்காந்து சாப்பிட்டான்.

ம்.

அப்புறம் அந்தப் பாலத்து மேல மாவோரிப் பட்டாளம் வந்துச்சு. நியூசிலாந்து தீவுக்காரங்க. பாலம் போட்டவங்களுக்கு விருந்துன்னு கூப்பிட்டாங்க. "உங்கண்ணன் உசுரக் குடுத்த பாலம்டா, நீதான் முன்னால நடக்கணும்"னாரு அவங்க பட்டாளத்து அதிகாரி, சுபேதார்.

போனா, தொம் தொம்னு தரையை உதைச்சுக்கிட்டு ஒருத்தன் ஈட்டியோட வந்தான். நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டினான். வேடியப்பன் அசையலை. ரெண்டாவது ஆளு ஈட்டிய விர்ர்ருன்னு மூக்குக்கிட்ட சுத்தினான். அதுக்கும் அசையலை. மூணாவது ஆளு ஒரு எலைக்கொத்தைத் தரையில வச்சான். வந்தவன் சண்டைக்கா, சிநேகத்துக்கான்னு பாக்குறாங்க. சிநேகம்னா எடுக்கணும்.

"அவன் கண்ணைப் பாத்துக்கிட்டே எடுறா"ன்னு சுபேதார் முணுமுணுத்தாரு. எடுத்தான்.

அப்போ ஒருத்தன் ஒப்பாரி மாதிரி நீட்டிக் கூவினான். அப்புறம் ராவிரின்னு ஒரு மலை மாதிரி ஆளு வந்து, நெத்தியோட நெத்தி, மூக்கோட மூக்கு வைக்கக் குனிஞ்சான். மூச்சு கலந்தாத்தான் அவங்களுக்கு ஒறவு. வேடியப்பன் வெடுக்குன்னு பின்னால நகந்துட்டான்.

மாவோரிக்காரங்களுக்கு மொகமே செத்துப்போச்சு.

"என் மூச்சு உனக்கு ஆகாதா?"ன்னான் ராவிரி. சுபேதார்தான் அவன் பேச்சை இவனுக்கும் இவன் பேச்சை அவனுக்கும் சொன்னாரு.

"எங்கண்ணன் செத்த தீட்டுய்யா எனக்கு. தொட்டா உன்னையும் புடிச்சுக்கும். நீ நாளைக்குச் சண்டைக்குப் போறவன்."

ராவிரி நகரலை. "நீ தனியாவா வந்தே? எங்க வழக்கத்துல விருந்தாளி செத்தவங்களையும் கூட்டிக்கிட்டுதான் வருவான். இப்ப கூவினது உங்கண்ணனையும் சேர்த்துத்தான். மொதல்ல அவனுக்கு அழுவோம், அப்புறந்தான் சோறு. பேரு என்ன?"

பொறந்ததுலேர்ந்து அண்ணனைப் பேர் சொன்னதே இல்ல தங்கம் அவன். அப்புறம் மெதுவா, "மாதையன்"னான்.

ம்.

நெத்தி ஒட்டுச்சு. மூச்சு கலந்துச்சு. "மாதையா..."ன்னு அத்தனை ஆம்பளைங்களும் கூப்பிட்டு அழுதாங்க. அப்பத்தான் வேடியப்பனுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. தேம்பித் தேம்பி அழுதான். சோத்துத் தட்டு வந்துச்சு, வாங்கலை. ராவிரியோட சட்டையப் புடிச்சுக்கிட்டு, "எங்கண்ணனை இன்னும் ஒரு தடவ கூப்பிடுங்கய்யா"ன்னான்.

கதை அங்கயே நிக்குது தங்கம், நீ தூங்கு.