பாஞ்சாலிக்குப் போர்த்திய பொன்னாடை

கலைவிழா நிதி கொடுக்கும் அலுவலகத்தில், அதிகாரி சச்சிதானந்தம் முன்னால் கைகட்டி நின்றான் கூத்துக்காரன் தாண்டவராயன். அன்றைக்கென்று பார்த்து, சென்னையிலிருந்து வந்த செயலாளர் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“உங்க குழுவுக்குப் போன வருஷமே நிதி கொடுத்து, விழாவும் நடந்தாச்சு. இந்த வருஷம் கிடையாது, போய்யா” என்றார் அதிகாரி.

போன வருஷம் தாண்டவராயன் குழுவுக்கு நிதியும் வரவில்லை, அவர்கள் ஒரு மேடையும் ஏறவில்லை. இந்த வருஷமும் நிதி இல்லையென்றால் குழு கலைந்துவிடும்.

“ஐயா நேர்ல பாத்தீங்களா?”

“பார்க்காமலா கையெழுத்துப் போட்டேன்? பாஞ்சாலியா ஆடின பொம்பளை அழுததைப் பார்த்து எனக்கே கண் கலங்கிடுச்சு. என் கையாலதான் அந்த அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினேன்.”

“இப்ப பாத்தா அடையாளம் தெரியுங்களா?”

“ஆயிரம் பேர் நடுவுல நின்னாலும் தெரியும்.”

தாண்டவராயன் தலைத்துண்டை எடுத்துக் கொண்டையை அவிழ்த்தான். கூந்தல் இடுப்புவரை சரிந்தது.

“எங்க கூத்துல பொம்பளைங்க ஆடுறதே இல்லைங்க. முப்பது வருஷமா பாஞ்சாலி நான்தான்.”

அதிகாரி மேசை முழுக்கப் பேனாவைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. திகைத்துப்போன செயலாளர் அம்மா, கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“முடியைக் கட்டிக்குங்க” என்றார் மெல்ல.

“சபையில அவிழ்ந்த முடிங்கம்மா. நியாயம் கிடைச்ச பிறகுதான் பாஞ்சாலி கூந்தலை முடிவா.”

இந்த வருஷத்து நிதி உத்தரவில் செயலாளர் அம்மா போட்ட கையெழுத்து காய்ந்த பிறகுதான் தாண்டவராயன் கொண்டை போட்டான்.