வைகையைத் திருப்பி ஓடவிட்ட சர்க்யூட் போர்டு

மின்சாதனம் பழுது பார்க்கும் தணிகாசலம் அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த உண்மை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மாடித்தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சர்க்யூட் போர்டு அது. வீட்டிலேயே செய்து தருவதாகக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் செண்பகவல்லியிடம் வாக்களித்திருந்தார். ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். அதற்குள் போர்டு வேலை செய்யாவிட்டால் இனி அந்தக் குடியிருப்பின் வேலையெல்லாம் வேறொருவருக்கு. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியையான அந்த அம்மாள் அவரைத் தேடிக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்த ஹமீது பாயின் உதிரிபாகக் கடைக்கே வந்துவிட்டார்.

“போர்டு வேலை செய்யுதா?”

“அதைச் செஞ்ச கதையை மொதல்ல கேளுங்க டீச்சர்.”

வழுவழுப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்டரால் வரைபடத்தை அச்சிட்டு, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் மெய். தணிகாசலம் இங்கிருந்து புறப்பட்டார்.

“நான் வெச்ச சூட்டுக்கு மை மட்டுமா ஒட்டுச்சு? தாள்ல இருந்த நடிகையும் ஒட்டிக்கிட்டு, ‘கொஞ்சம் மெதுவாத் தேய்ங்க’ன்னாங்க.”

“அண்ணி ஒண்ணும் சொல்லலையா?” என்றார் ஹமீது பாய்.

“அவ இஸ்திரிப் பெட்டியக் கேட்டா. அது அப்பவே உருகி ஓடிருச்சு பாய். அப்புறம் வேண்டாத செம்பைத் தின்னுறதுக்கு ஆசிட் கலக்குனேன். அது செம்பைத் தின்னுச்சு, டப்பாவைத் தின்னுச்சு, தரையத் தின்னுச்சு, கடைசியில கீழ்வீட்டுக்காரர் தலையில சொட்டுச்சு.”

“ஐயையோ! அவருக்கு?”

“வழுக்கைதானே? திங்க ஒண்ணும் கெடைக்கல, அடங்கிருச்சு.”

செண்பகவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மோட்டார் நிக்குமா, நிக்காதா?”

இறங்க வேண்டிய இடம் இதுதான் என்று தணிகாசலத்துக்குத் தெரிந்தது. ஆனால், ஏறி வந்த உயரத்தைப் பார்த்தால் அவருக்கே தலை சுற்றியது.

“நிக்கிறதாவது! பின்பக்கமாச் சுத்துச்சு டீச்சர். மாடித்தொட்டித் தண்ணி கீழ்த்தொட்டிக்கு வந்து, தெருக்குழாய்க்குப் போயி, வைகையில விழுந்து, வைகையே திரும்பி அணையப் பாத்து ஓடுச்சு. ரெண்டு கரையும் தொட்டு!”

ஹமீது பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “பெட்டி உருகுனது சரி. நடிகை பேசுனதும் சரி. வைகையில தண்ணியாண்ணே? பொய்க்கும் ஒரு மனசாட்சி வேணாமா?”

எல்லாரையும்விடத் தணிகாசலமே உரக்கச் சிரித்தார். குனிந்து சிரித்ததில் போர்டு பையிலிருந்து விழுந்தது. எடுத்துப் பார்த்த செண்பகவல்லி, கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்து நிதானமாகப் படித்தார்: “எம். தணிகாசலம், மதுரை.”

கவிழ்த்து ஒட்டும்போது படம் இடம் வலம் மாறும். ஆகவே மாற்றியே அச்சிட வேண்டும். தாளில் தம் பெயர் நேராக நின்ற அழகில் மயங்கி, அவர் அதை மறந்திருந்தார். இப்போது சிப்பின் கால் ஒன்றுகூட அதற்குரிய துளையில் சேராது.

“ஆம்புலன்ஸ்லயும் அப்படித்தானே டீச்சர் எழுதுறாங்க? முன்னால போறவன் கண்ணாடியில பாத்து வழிவிடணும்ல?”

“முன்னால யாரும் போகல. பின்னால தண்ணி வருது. மணி அஞ்சரை.”

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். “பாகத்தையெல்லாம் வழக்கம்போல மறுபக்கம் வெக்காம, செம்புப் பக்கமே வெச்சுப் பத்தவெச்சா சரியாயிரும். பாக்கத்தான் அசிங்கமா இருக்கும்.”

அன்று மாலை அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

“பத்தவைங்க.”

கடை மேசையிலேயே ஈயம் உருக்கிப் பற்றவைத்து, குடியிருப்புக்குக் கொண்டுபோய் மோட்டாரில் பொருத்தினார். ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றது. ஒரு சொட்டும் வழியவில்லை. தணிகாசலத்தின் நெஞ்சு மெல்ல நிமிரத் தொடங்கியது.

செண்பகவல்லி போர்டை உற்றுப் பார்த்தார். “உங்க பேரு எங்க?”

“மோட்டார நிறுத்துற ரிலேவுக்கு அடியில போயிருச்சு டீச்சர்.”

“அங்கேயே இருக்கட்டும். அடுத்த பிளாக்குக்கும் ஒண்ணு செய்ங்க. பேரு மட்டும் வேணாம்.”