சொல்லாமல் விட்ட பிடி

புன்னைக்குளம் கபடி அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டதை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை வர்ணிக்க வேண்டிய இசக்கிராஜ் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை.

காரணம் அவன் வாய்தான். முந்தின நாள் அரையிறுதி. அவன் குரல் மைதானத்து ஒலிபெருக்கியிலும் உள்ளூர் கேபிளிலும் யூடியூப் நேரலையிலும் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆட்டத்தின் நடுவே அவன் சொல்லிவிட்டான்: "புன்னைக்குளத்துப் பிள்ளைகள் ஆடிப் பழகிய மைதானத்தில் இனிமேல் குப்பை கொட்டப் போகிறார்கள். பேரூராட்சி எடுத்த இந்த முடிவு அநியாயம்."

கூட்டத்தில் ஒரு பக்கம் கை தட்டியது. இன்னொரு பக்கம் முறைத்தது. முன்வரிசையில் இருந்த பேரூராட்சித் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இன்று மாலை விழாக்குழுச் செயலாளர் தங்கப்பழம் வர்ணனை மேடைக்கு ஏறி வந்தார். கையில் ஒரு கொத்துச் சீட்டு.

"தம்பி, சேர்மன் வாராரு. ஆட்டம் ஆரம்பிக்கதுக்கு முன்னால மைக்ல மன்னிப்புக் கேட்டுரு. கேட்டா மைக் உனக்கு. இல்லன்னா எறங்கிரு. எஸ்தர் டீச்சர் ஒத்தையிலயே வர்ணன சொல்லிருவாங்க."

"நான் சொன்னது பொய்யா அண்ணாச்சி?"

"பொய்யா நெசமான்னு எவன் கேட்டான்? கபடில அரசியல் எதுக்குலே?"

கையிலிருந்த சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மேலே இருந்த சீட்டில் 'கோப்பை வழங்கும் கொடை வள்ளல், ஏழைகளின் இதயத்துடிப்பு, பேரூராட்சித் தலைவர்' என்று தொடங்கி நான்கு வரி இருந்தது. ஆட்டம் நடக்கும்போதே இப்படிப்பட்ட சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். வர்ணனையாளர்கள் வந்தவுடன் படித்துவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

இசக்கிராஜ் தன் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டம் வாங்கித் தராத வேலையை இந்த மைக் வாங்கித் தந்திருந்தது. இன்றைய ஆட்டத்தை ஒழுங்காகச் சொல்லி முடித்தால் இந்த வருடப் போட்டிகள் எல்லாமே அவனுக்குத்தான் என்று கேபிள்காரர் சொல்லியிருந்தார். இறங்கிப் போனால் எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டால், நம்பாத ஒன்றை இத்தனை பேர் காதில் போட்டவன் ஆவான்.

பக்கத்து நாற்காலியில் எஸ்தர் டீச்சர் காற்றின் இரைச்சல் விழாமலிருக்க மைக்கின் தலையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். இப்போது மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இசக்கிராஜின் கையில் முதன்முதலில் மைக்கைக் கொடுத்தவர் அவர்தான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஆட்டத்தச் சொல்ல வந்தவன் மனசுல பட்டதச் சொல்லக் கூடாதா?"

டீச்சர் கைக்குட்டைக்கு முடிச்சுப் போட்டார்.

"நேத்து அந்த ரெய்டச் சொல்லு."

"எந்த ரெய்டு?"

"அநியாயம்னு சொன்னியே. அப்ப போன ரெய்டு."

"மைக் இல்லாமலா?"

"எனக்குக் கேட்டாப் போதும்."

இசக்கிராஜ் தொண்டையைச் செருமினான். சொல்லத் தொடங்கியதும் அவன் குரல் தானாக நிமிர்ந்தது. "சாலைப்புதூர் அணி. ஏழாம் எண் ஆட்டக்காரர் கபடி பாடி வருகிறார். நெட்டையான ஆள், எட்டுக்கால் பூச்சி மாதிரிக் கால். இடப்பக்கம் சாய்கிறார். போனஸ் கோட்டைப் பார்க்கிறார், தொடவில்லை. புன்னைக்குளத்தில் ஆறு பேர். கை கோத்து நிற்கிறார்கள். இதோ, வலப்பக்கம் திரும்புகிறார்…"

நிறுத்திவிட்டான்.

"அந்த இடத்துலதான் டீச்சர் மைதானத்தப் பத்திச் சொன்னேன்."

"அதையும் சொல்லு. நேத்துச் சொன்ன மாதிரியே."

சொன்னான். இப்போது அது அவனுக்கே கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது.

"சரி. ஏழாம் நம்பர் இப்ப எங்க நிக்கான்?"

"அவுட்டு. புன்னைக்குளத்துக்கு ஒரு புள்ளி."

"எப்படி அவுட்டு?"

"புடிச்சிருப்பாங்க."

"யாரு?"

இசக்கிராஜ் ஆடுகளத்தைப் பார்த்தான். சுண்ணாம்புக் கோடு புதிதாகப் போட்டிருந்தார்கள்.

"கேமரால இருக்கும் டீச்சர்."

"நீ பேசுனதும் கேமராக்காரன் சேர்மன் பக்கம் திருப்பிட்டான். உன் குரல் இருக்கு. அவரு மூஞ்சி இருக்கு. ஆட்டம் இல்ல."

மேசையில் கிடந்த சீட்டுக் கொத்தைக் கையில் எடுத்தான்.

"அப்ப இது என்ன டீச்சர்? கொடை வள்ளல், இதயத்துடிப்புன்னு நாம படிச்சுக்கிட்டு இருக்கும்போது எத்தன ரெய்டு போவுது? அதுக்கு எவனாவது மன்னிப்புக் கேக்கச் சொல்லுதானா? இவரப் புகழ்ந்தா வர்ணன, குப்பன்னு சொன்னா அரசியலா?"

"புகழ்ந்தாலும் அரசியல்தான்."

மறுத்துப் பேசுவார் என்றுதான் அவன் எதிர்பார்த்திருந்தான்.

"அப்ப என்ன மட்டும் ஏன் கேக்கீங்க?"

டீச்சர் அவன் கையிலிருந்து சீட்டுகளை வாங்கித் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். கீழே நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தங்கப்பழத்தைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சீட்டெல்லாம் இடைவேளையில படிக்கேன். ஆட்டத்துக்குள்ள ஒண்ணும் கெடையாது."

"என்ன டீச்சர் புதுசா? சேர்மன் பேரு கூடவா?"

"அவரு ரெய்டு போனாச் சொல்லுதேன்."

சுற்றியிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தங்கப்பழம் சிரிக்கவில்லை. "வெளையாடாதீங்க டீச்சர். அடுத்த வருசம் உங்களையும் கூப்பிடணும்லா?" என்றார்.

"கூப்பிடுங்க, வாரேன்," என்றார் டீச்சர்.

தங்கப்பழம் முணுமுணுத்துக்கொண்டே போனார். டீச்சரின் நாற்காலியும் இப்போது ஆடத் தொடங்கியிருப்பது இசக்கிராஜுக்குப் புரிந்தது.

"யாரு புடிச்சா டீச்சர்?"

அவர் முகவாயால் காட்டினார். புன்னைக்குளம் அணி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒல்லியாக ஒருவன் தனியாகக் குனிந்து எழுந்துகொண்டிருந்தான்.

"சங்கரபாண்டி. தொடர் முழுக்க வெளியதான் உக்காந்திருந்தான். நேத்து ஒருத்தனுக்கு முட்டியில அடிபட்டதால எறக்குனாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். மைக் உன் கையில இருந்துச்சு."

"அவன் ஏதாவது சொன்னானா?"

"காலையில ஸ்கூலுக்கு வந்தான். யூடியூப்ல அந்தப் புடியத் தேடிப் பாத்துட்டு வந்திருக்கான். அவங்க அப்பா கத்தார்ல இருக்காரு. லைவ்ல பாத்துருக்காரு. 'எறங்குனியே, என்னலே பண்ணுன'ன்னு போன்ல கேட்டாராம்."

"என்ன சொன்னானாம்?"

"'ஒண்ணும் பண்ணலப்பா'ன்னு சொல்லிட்டானாம்."

"ஏன் அப்படிச் சொன்னான்?"

"நானே புடிச்சேன்னு நானே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும் டீச்சர்னு கேக்கான்."

இசக்கிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லக் கேட்டான். "என்னத் திட்டுனானா?"

"இல்ல. அண்ணன் நம்ம மைதானத்துக்காகத்தான பேசுச்சுன்னான்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

தவில் சத்தம் கேட்டது. சேர்மன் வந்துவிட்டார். மாலை, பொன்னாடை, செல்போன் வெளிச்சங்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து வர்ணனை மேடையை நிமிர்ந்து பார்த்தார். தங்கப்பழம் மேடைப் படிக்குக் கீழே வந்து நின்று, தொடங்கு என்பதுபோல் கையைக் காட்டினார். கேமரா இசக்கிராஜின் பக்கம் திரும்பியது.

"டீச்சர், நான் மன்னிப்புக் கேக்கட்டுமா?"

"யாருகிட்ட?"

டீச்சர் மைக்கை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"எப்படிப் புடிச்சான்னு முழுசாச் சொல்லுங்க டீச்சர்," என்றான் அவன், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

அவர் அவன் காதருகே குனிந்து சொன்னார். கீழே தங்கப்பழம் பொறுமையிழந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நடுவர்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். இசக்கிராஜ் கையை எடுத்தான். குரல் முதலில் நடுங்கத்தான் செய்தது.

"எல்லோருக்கும் வணக்கம். நேற்று நான் ஒரு தவறு செய்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்."

சேர்மன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நேற்று இரண்டாம் பாதியில் சாலைப்புதூரின் ஏழாம் எண் ஆட்டக்காரர் பாடி வந்தார். வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுச் சட்டென்று இடது மூலைக்குப் பாய்ந்தார். அங்கே நின்றவர் அப்போதுதான் களத்துக்குள் வந்தவர். பின்வாங்கவில்லை. உள்ளே புகுந்து கணுக்காலைப் பிடித்தார். அவ்வளவு பெரிய ஆள் நடுக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தார். விரல் நீட்டினார், எட்டவில்லை. மற்றவர்கள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் புள்ளியில்தான் புன்னைக்குளம் முன்னுக்கு வந்தது. பிடித்தவர் பெயர் சங்கரபாண்டி."

கூட்டம் சங்கரபாண்டியின் பக்கம் திரும்பியது.

"இதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்லக் கேட்டுச் சொல்கிறேன். பார்த்துச் சொல்லத்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கரபாண்டியிடமும், தூரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

மூச்சு வாங்கினான். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது.

"சொன்ன அந்த வேறொன்றை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அது என் கருத்து. ஆட்டம் முடிந்த பிறகு யார் கேட்டாலும், என் பெயரைச் சொல்லியே சொல்வேன்."

களத்தில் சங்கரபாண்டி யாரையும் பார்க்கவில்லை. காலுக்கடியில் இருந்த மண்ணை அள்ளி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். கூட்டத்தில் எங்கோ கைதட்டல் தொடங்கியது. எங்கோ ஒருவன், "மைக்கப் புடுங்குங்கலே," என்று சத்தம் போட்டான். சேர்மன் எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியாதவர்போல் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

நடுவர் விசில் ஊதினார். சேர்மன் பக்கம் திரும்பத் தொடங்கிய கேமரா பாதி வழியில் தயங்கி, களத்துக்கு வந்தது.

"புன்னைக்குளத்தின் முதல் ரெய்டு," என்றான் இசக்கிராஜ். அவன் குரல் இப்போது நடுங்கவில்லை. "மூன்றாம் எண் பாடிப் போகிறார். எதிரே ஏழு பேர். அவசரம் காட்டவில்லை…"

படிகள் அதிர்ந்தன. தங்கப்பழம் மூச்சிரைக்க மேலே வந்து நின்றார். மைக்கின் வயரில் கை வைத்தார்.

"அவன எறங்கச் சொல்லுங்க டீச்சர். இப்பவே."

எஸ்தர் டீச்சர் களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெய்டு போய்க்கிட்டு இருக்கு அண்ணாச்சி," என்றார்.