முக்காலில் நின்ற முள்

மயில்சாமி ஒரு கேள்வி கேட்டால் ரஞ்சிதம் வாயைத் திறக்கமாட்டாள். கையில் ஏதாவது ஒரு கருவியைக் கொடுப்பாள். சேர்ந்த புதிதில் அவர் இதை வீட்டில் போய்ச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். அவர் மனைவியோ, அப்படியாவது யாராவது உங்கள் வாயை அடைக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. கோவையில் பழைய வண்டிகளின் கார்புரேட்டர் வேலைக்கு மயில்சாமியைத் தெரியாதவர்கள் குறைவு. டர்போ வைத்த கார் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க, ஒருநாள் செட்டிபாளையம் சாலையில் இருக்கும் ரஞ்சிதத்தின் பட்டறைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. தன் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு, மகள் வயதுக்காரியிடம் தொழில் படிக்க உட்கார்ந்துவிட்டார். ஊரில் சிரித்தார்கள். எனக்கு அவரை அதற்காகவே பிடிக்கும்.

அவர் தனியாகக் கோத்த முதல் டர்போ எஞ்சின், சந்தானராஜ் என்பவருடைய பந்தயக் காரில் இருந்தது. சந்தானராஜ் வார நாளெல்லாம் பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுவார். அந்த எஞ்சினை விட்டால் அவருக்கு வேறு எஞ்சின் கிடையாது. அது போனால் அந்த வருடப் பந்தயமும் போனது. இது மயில்சாமிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வாரமாக அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற விசிறி. எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறது என்று ஓட்டுகிறவர் பார்த்துக்கொள்ள, கண்ணெதிரே ஒரு பூஸ்ட் மீட்டர் வைப்பார்கள். அந்தக் காரில் அது கிடையாது. மயில்சாமிதான் கடையில் வாங்கி, ரப்பர் குழாய் இழுத்து, அழகாகப் பொருத்தினார். சந்தானராஜ் அதைப் பார்த்துவிட்டு, ஓட்டும்போது கம்ப்யூட்டரை யார் பார்ப்பது, உங்கள் முள்ளைத்தான் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார்.

பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சினின் கம்ப்யூட்டர் அழுத்தம் ஒன்றேகால் என்றது. முள் முக்காலில் நின்றது.

மட்டமான மீட்டர் என்றார் மயில்சாமி. ஓடிப்போய் இன்னொன்று வாங்கிவந்து மாட்டினார். அதுவும் முக்கால்தான். இரண்டும் ஒரே கம்பெனி, அதனால் ஒரே பொய் என்று முடிவு கட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் மனிதர் நிஜமாகவே அப்படி நம்பினார்.

பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டினால் கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, கொஞ்சம் ஏற்றிக் குத்திவிடுவார்கள். மயில்சாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முள்ளை நெம்பக் குட்டி ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் ரஞ்சிதம் வந்து பக்கத்தில் நின்றாள்.

"கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, முள்ளு ஒண்ணு சொல்லுது. ரெண்டுல எதுங்க அம்மிணி பொய்?"

எஞ்சின் இப்போது ஓடுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். முள் எங்கே நிற்கிறது என்றாள். பூஜ்யத்தில் நின்றது.

"ஒண்ணும் இல்லாதப்ப ஒண்ணும் இல்லேன்னுதானுங்ணா சொல்லுது."

பிறகு கையால் அழுத்துகிற பம்ப் ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மீட்டரின் பின்னால் இருந்த குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பம்ப்பை மாட்டி அழுத்தச் சொன்னாள். அவர் பம்ப்பின் அளவு ஒன்றேகால் வரும்வரை அழுத்தினார். முள்ளும் ஒழுங்காக ஏறி ஒன்றேகாலில் நின்றது.

மயில்சாமிக்கு முகம் மலர்ந்தது. "அப்பக் கம்ப்யூட்டர்தான் பொய்."

அவள் கம்ப்யூட்டருக்கு அளவு சொல்லும் சென்சாரைக் காட்டினாள். அதிலும் பம்ப்பை மாட்டி அழுத்தினார். அதுவும் ஒன்றேகால் என்றது. மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டும் நெசம்னா, எப்புடீங்க வேற வேற சொல்லும்?"

இந்த முறை அவள் கொடுத்தது ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷ்ஷும். குழாயை மீட்டரில் திரும்ப மாட்டினாள். எஞ்சின் பக்கத்து முனையில் பம்ப்பை இணைத்து அழுத்தத் தொடங்கினாள். அவர் குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போனார். முதலில் எங்கும் ஒன்றும் தெரியவில்லை. அழுத்தம் முக்காலைத் தாண்டப் பார்த்தபோது, வழியில் குழாய் இரண்டாகப் பிரியும் மூட்டில் நுரை பொங்கியது.

அந்த மூட்டில் கிளிப் இல்லை. போடாதது மயில்சாமி.

மறந்து விட்டதல்ல. கார்புரேட்டர் வண்டியில் அந்த மாதிரிக் குழாய் எப்போதும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். உறிஞ்சுகிற குழாய் தானாகவே போய் இறுகிக்கொள்ளும், கிளிப் தேவையில்லை. ஆயுசு முழுக்க அப்படித்தான் மாட்டினார், ஒன்றுகூடக் கழன்றதில்லை. டர்போ வண்டியிலோ மிதித்தவுடன் அதே குழாய் ஊதத் தொடங்குகிறது. ஊதினால் ரப்பர் விரிந்து காற்று நழுவிவிடும். எந்தக் கை அவருக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்ததோ, அதே கைதான் இதையும் செய்திருந்தது.

அவர் பிரஷ் அந்த மூட்டிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து பிரியும் குழாய்களில் ஒன்று மீட்டருக்குப் போகிறது. இன்னொன்று பெட்ரோல் ரெகுலேட்டருக்குப் போகிறது. காற்று எவ்வளவு கூடுகிறதோ, அதற்கு ஏற்றபடி பெட்ரோலையும் கூட்டித் தள்ளவேண்டியது அந்த ரெகுலேட்டர். முள்ளுக்கு முக்கால் வந்திருந்தால், அதற்கும் முக்கால்தான் வந்திருக்கும்.

"ஞாயித்துக்கெழம என்னங்க ஆயிருக்கும்?" என்றார். அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நேர் ரோட்டுல ரெண்டு சுத்துத் தாங்கியிருக்கும்."

"அப்புறம்?"

"காத்து முழுசா இருக்கும். பெட்ரோல் பத்தாது. பிஸ்டன் உருகியிருக்கும்."

மயில்சாமி கண்ணாடி கழற்றிய மீட்டரைப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். அவர் முள்ளை ஏற்றிக் குத்தியிருந்தால் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும். சந்தானராஜ் அந்த முள்ளை நம்பித் தைரியமாக மிதித்திருப்பார். இதை நினைத்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள மறைவு தேடவும் இல்லை.

"நீங்க மட்டும் அந்த நேரத்துக்கு வராமப் போயிருந்தீங்கன்னா..."

"அந்தப் பேரு எனக்கெதுக்குங்ணா? முக்கால்னு பாத்ததும் மட்டமான மீட்டர்னுதான் நானும் நெனச்சேன். பாக்காமயே நெனச்சுட்டமேன்னுதான் பம்ப்பை எடுத்தேன்."

மயில்சாமி மீட்டருக்குக் கண்ணாடியைத் திரும்பப் பொருத்தினார். "இதைப் போயிப் பொய்யின்னு சொன்னனே."

"தனக்கு என்ன வந்துச்சோ, அதைத்தானுங்ணா அது சொல்லுச்சு."

அவர் மூட்டில் கிளிப் போட்டு இறுக்கினார். ரெகுலேட்டர் முனையில் ஒன்று, மீட்டர் முனையில் ஒன்று, எஞ்சின் முனையில் ஒன்று. வண்டியை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் ஒன்றேகால் என்றது, முள்ளும் ஒன்றேகால் என்றது. மத்தியானம் வேண்டாம் என்று ஒதுக்கிய சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவந்து, பட்டறை வாசலில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டார் மயில்சாமி.

கை கழுவிவிட்டு வந்தவர், குழாயைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். வண்டியை எடுத்துப் போகச் சந்தானராஜ் சாயங்காலம் வருவதாக இருந்தது.

"இன்னொரு தப்பும் பண்ணியிருக்கேன் அம்மிணி."

"சொல்லுங்கண்ணா."

"ரெகுலேட்டர் குழாயில வேற எதையும் சேக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. மீட்டருக்குத் தனிக் குழாய் இழுத்திருக்கணும். சோம்பேறித்தனத்துல ரெண்டையும் ஒண்ணாக் கோத்துட்டேன்."

"பாத்தேன்."

"மொதல்லயே நீங்க சொன்னபடி தனியா இழுத்திருந்தா..."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. தனியாக இழுத்திருந்தாலும் ரெகுலேட்டர் முனையில் அவர் கிளிப் போட்டிருக்கமாட்டார். அந்தக் குழாய் அதன் பாட்டுக்குக் காற்றை விட்டுக்கொண்டிருந்திருக்கும். மீட்டருக்கோ தன் குழாயில் முழுக் காற்றும் போய், முள் சமர்த்தாக ஒன்றேகாலில் நின்றிருக்கும். யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்திருக்காது.

மயில்சாமி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்பப் பிரிச்சுத் தனியா மாட்டீரட்டுங்களா?"

"மாட்டுங்கண்ணா. கழட்டறதுக்கு முந்தி, அந்தத் தப்பை ஒருக்காத் தொட்டுக் கும்பிட்டுக்குங்க."