கட்டைவிரல்

மருதவல்லி அம்மாவிடம் நாடி பார்க்கக் கற்றவர்களில் வயதில் மூத்தவர் சிவக்கொழுந்து. அவருக்கு அறுபத்து நான்கு. குருவுக்கு நாற்பத்தொன்று. தலை நரைத்த பிறகு தரையில் உட்கார்ந்து பாடம் கேட்கிறாரே என்று ஊரே கேலி செய்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி கனகம்மாளுக்கு நெஞ்சு பலவீனம். அவள் கையைப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்பதுதான் அவர் ஆசை.

கனகம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் வந்தார். உள்ளே வரவில்லை.

"இனிமே யார் கையையும் தொடமாட்டேன் அம்மா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"உட்காருங்க ஐயா. என்ன நடந்துச்சு?"

"அன்னிக்கு மத்தியானம் நெஞ்சு படபடங்குதுன்னா. கையைப் பிடிச்சேன். நாடி தறிகெட்டு ஓடுச்சு. பதறாதே, நான் இருக்கேன்னேன். கொஞ்ச நேரத்துல நிதானமாச்சு. அவளும் கண்ணை மூடிக்கிட்டா. தூங்குறான்னு நினைச்சேன். மகன் வந்து மூக்குல கை வச்சுப் பார்த்தான். மூச்சு இல்ல. எனக்கு அப்பவும் விரலுக்கடியில நாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு."

"எந்த விரல்?"

சிவக்கொழுந்து கட்டைவிரலைக் காட்டினார்.

அது முதல் நாள் பாடம். கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதற்குள்ளேயே துடிப்பு உண்டு. வைத்தவர் தன் நாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தப்புதான் ஐயா," என்றார் மருதவல்லி அம்மா. பூசி மெழுகவில்லை.

அவர் உடைந்து அழுதார். பாவம், அதுவரை யார் முன்னாலும் அழவில்லை.

"தப்பைக்கூடத் தாங்கிக்குவேன். அவ உயிர் போய்க்கிட்டிருக்கு, என் நெஞ்சு நிதானமாகுது! இதெல்லாம் ஒரு நெஞ்சா அம்மா?"

மருதவல்லி அம்மா அவர் மணிக்கட்டை எடுத்து மூன்று விரல்களை வைத்தார். நாடி தாறுமாறாக ஓடியது. கொல்லையில் யாரோ சுக்கு இடித்துக்கொண்டிருந்தார்கள். சிவக்கொழுந்து ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு இன்னொன்று. அம்மா கையை விடவில்லை.

"இப்ப அடங்கிடுச்சு. நீங்களா அடக்கினீங்க?"

"இல்லையே. நான் ஒண்ணும் செய்யல."

"முடுக்கிவிட உள்ளே ஒரு நரம்பு இருக்கு. இழுத்துப் பிடிக்க இன்னொரு நரம்பு இருக்கு. ரெண்டும் நம்மளைக் கேட்டுச் செய்யறதில்ல. பயந்தா முடுக்கும். நிதானமா மூச்சை விட்டா இழுத்துப் பிடிக்கும். வேண்டியவங்க கையைப் பிடிச்சாலும் இழுத்துப் பிடிக்கும்."

"அவ கையைப் பிடிச்சதாலயா எனக்கு அடங்குச்சு?"

"ஆமா."

சிவக்கொழுந்து வெகுநேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பயந்து பயந்து கேட்டார்.

"அப்ப, அவளுக்கு?"

"அவங்க கையும் உங்க கைக்குள்ளதானே ஐயா இருந்துச்சு."